இறகில் மூன்று மஞ்சள் புள்ளி

கோலசிலாங்கூரில் மெலாவத்திக் குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்களா? அப்படியே பெஸ்தாரி ஜெயா பக்கம் வாருங்கள். நம் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்களே, அதே ஊர்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வாணிபத்திற்கெனச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது.

பொழுது சாயும்போது வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் நில்லுங்கள். பழுப்பு நிறத்தில் ஒன்று விருட்டென்று பாயும். அந்துப்பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். அது 'ஸ்கிப்பர்' என்னும் வண்ணத்துப்பூச்சி. கண்கள் சிவப்பு, முன்னிறகில் கண்ணாடிபோல் மூன்று மஞ்சள் புள்ளிகள்.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள்! வாழையில் வளரும் இரண்டு இனங்களுக்கும் அதே புள்ளிதான். முன்னிறகின் நுனி கூராக இருந்தால் எரியோனோத்தா திராக்ஸ். உருண்டிருந்தால் எரியோனோத்தா தோரஸ். தென்னையில் வளரும் ஹிடாரி இராவாவுக்கும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. அது உருவில் சிறியது.

வாழை இலை சுருட்டுபோல் சுருண்டிருக்கிறதா? விரித்துப் பாருங்கள். வெள்ளை மாவு பூசியதுபோல் புழு கிடக்கும். இரண்டில் எந்த இனமானாலும் உடனே மருந்து தெளிக்க ஓடாதீர்கள். அந்த இலையில்தானே நம் பிள்ளைகள் சோறு உண்கிறார்கள்? மேலும், ஸ்கிப்பரின் முட்டைக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குட்டிக் குளவிகளும் மருந்தில் மடிந்துபோகும். சுருளைக் கிள்ளியெடுத்துப் புழுவை நசுக்கினாலே போதும்.

இன்று மாலையே பிள்ளைகளை அழைத்துப்போய் இறகின் நுனியைக் காட்டுங்கள். கூரா, உருண்டையா என்று அவர்களே சொல்லட்டும்.