கையை அளக்கும் கண்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், முன்னர் எம்மிடம் கணிதம் பயின்ற மாணவி ஒருத்தி எம்மைக் காண வந்திருந்தாள். அட்டனுக்கு அருகே தோட்டமொன்றில் பிறந்தவள். இன்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடை தைப்பவள். செயற்கை நுண்ணறிவு அவளது வேலையைப் பறித்துவிடுமோ என்று கவலையோடு கேட்டோம். அவள் சிரித்தாள்.

"வேலையை எங்க சேர் பறிக்குது? அது எங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

தைக்க வேண்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக வருமாம். ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டை. வேலை முடிந்ததும் பொறியருகே உள்ள சிறு திரையில் அதனைப் பதிய வேண்டும். எத்தனை துண்டு, எத்தனை வினாடி, எத்தனை பிழை என்பன அக்கணமே மேற்பார்வையாளரைச் சென்றடைகின்றன. "தண்ணி குடிக்க எழும்பினாலும் அந்தக் கணக்குக்குத் தெரியும், சேர்."

யாம் எண்ணியிருந்ததோ வேறு. மனிதனின் இடத்தில் இயந்திரன் வந்து நிற்கும் என்றே அஞ்சியிருந்தோம். வெட்டும் கூடத்தில் அது பெருமளவு நிகழ்ந்தும் விட்டது. துணி வீணாகாதபடி வடிவங்களை அடுக்குவது கணினி, வெட்டுவது தானியங்கிக் கத்தி. ஆனால் தையல் எளிதில் வசப்படவில்லை. நெகிழ்ந்து, சுருங்கி, நழுவும் துணியை விரல்கள் உணர்வதுபோல் இரும்புக்கரம் இன்னும் உணர்வதில்லை. காலணித் தொழிலிலும் பாடம் ஒன்று உண்டு. இயந்திரன்களை நம்பி ஜேர்மனியின் ஆன்ஸ்பாக் நகரில் அடிடாஸ் நிறுவனம் அமைத்த தொழிற்சாலையை மூடப்போவதாக 2019 நவம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. அங்கு பழகிய நுட்பங்கள் ஆசிய உற்பத்தியாளரிடம் சென்றன.

கையை அகற்ற இயலாத மூலதனம், கையை அளக்கக் கற்றுக்கொண்டது. ஒருத்தி விரைந்து தைத்தால் அவ்வேகமே அடுத்த மாதத்தின் இலக்காகிறது. அவளது திறமை அவளுக்கே சாட்டையாகிறது. கூலியோ அதே வேகத்தில் உயர்வதில்லை.

இந்த வழக்கு பழையது. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை 1804 இல் அமைத்தார். அவ்வட்டைகளையே சார்ள்ஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினியின் பாட்டன் தறியிலே பிறந்தவன்! அதே லியோனில் 1831 இல் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கை தறியை ஒழிப்பதன்று. நெய்த துணிக்குக் குறைந்தபட்ச விலை. பொறியின் பயன் யாருக்கு என்பதே அன்றைய கேள்வி. இன்றைய கேள்வியும் அதுவே.

விடைபெறுமுன் மாணவி கைப்பையிலிருந்து ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்தாள். தங்குமிடத்துத் தோழியர் மூவரும் அவளும் தத்தம் துண்டுக் கணக்கை நாள்தோறும் அதிலே குறித்து வருகின்றனர்.

"சராசரி எடுக்கிற விதத்தை இன்னொருக்கா சொல்லித் தாங்க சேர். இலக்கு எப்படி ஏறுதுன்னு நாங்களும் காட்டணும்."

அன்று மாலைவரை நாம் இருவரும் கணக்குப் போட்டோம். இலக்கு ஏறிய விகிதமும் ஊதியம் ஏறிய விகிதமும் இரு கோடுகளாகத் தாளில் விரிந்தன. அவற்றிடையே அகன்று கிடந்த வெளி, பரீட்சைக்காக யாம் கற்பித்த எந்த வரைபடத்திலும் இல்லாதது.

எண்ணுவது யார், எவ்வாறு எண்ணுகிறார், அவ்வெண்ணால் வந்த இலாபம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் உண்டு. அக்கேள்வியைக் கேட்பதற்கான கணக்கையாவது கற்றுக்கொடுப்பது ஆசிரியராகிய எமது கடன்.