உங்கள் காதலர்களை உத்தமர்களாக்காததற்கு நன்றி

மதிப்பிற்குரிய ஷியாம் செல்வதுரை அவர்களுக்கு,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ‘ஃபன்னி பாய்’ நாவல் 1994-இல் வந்தது. ஆணை விரும்பும் ஒரு தமிழ்ப் பையனைத் துணிந்து எழுதினீர்கள் என்று உலகமே பாராட்டிவிட்டது. நான் நன்றி சொல்ல வந்தது வேறொன்றுக்கு. உங்கள் காதலர்கள் ஒருவரையொருவர் நோகடிப்பதை நீங்கள் மழுப்பவில்லை.

கண்ணாமூச்சி ஆட்டத்தின் நடுவே, கார் கொட்டகையில் அந்தப் பையன் அர்ஜியும் அவன் காதலன் ஷெஹானும் நெருங்கிவிடுகிறார்கள். வெளியே வந்து அம்மா அப்பாவைப் பார்த்ததும், இவர்கள் வைத்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டோமே என்று அர்ஜிக்கு நெஞ்சு அடைக்கிறது. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அவன் கோபம் முழுவதும் ஷெஹான் மேல் பாய்கிறது. அதுவரை ஆசையாகப் பார்த்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது. ஊர் உலகத்தின் அருவருப்பு ஒரு பையனுக்குள் குடியேறி, அவன் வாயாலேயே பேசத் தொடங்குவதை அந்தச் சில பக்கங்களில்தான் முதன்முதலில் கண்டேன்.

அடுத்த நாவல்களிலும் நீங்கள் விடவில்லை. ‘சினமன் கார்டன்ஸ்’ பாலேந்திரன், தகப்பனார் லண்டனுக்கு வந்து நின்றதும் காதலன் ரிச்சர்டைக் கைவிடுகிறான். பிறகு சோனியாவை மணந்து கண்ணியமான குடும்பத் தலைவனாகிறான். அந்தக் கண்ணியத்துக்கு விலை கொடுத்தவர்கள் ரிச்சர்டும் சோனியாவும்தான். 2013-இல் வந்த ‘தி ஹங்ரி கோஸ்ட்ஸ்’ ஷிவன், கொழும்பில் பறிகொடுத்த காதலைக் கனடாவில் காதலன் மைக்கேலிடம் மறைத்து வாழ்கிறான். சொல்லாமல் புதைத்த துக்கம் மைக்கேல் மேல் எரிச்சலாக விழுகிறது.

எங்களுக்குத் திரையில் காட்டப்பட்டவர்கள் வேறு மாதிரி. 2006-இல் ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் இளமாறனும் அமுதனும் கொடூரக் கொலைகாரர்கள். 2011-இல் வந்த மலாய்ப் படம் ‘டாலம் போத்தோல்’ நாயகன், காதலனுக்காகப் பால்மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கைவிடப்பட்டு, மனம் வருந்துகிறான். அரக்கனாக இரு, இல்லையென்றால் திருந்திவிடு என்பதுதான் பாடம். அன்பாகவும் இருந்துகொண்டு அடிக்கவும் செய்கிற சாதாரண மனிதனுக்கு அங்கே இடமில்லை.

அப்படிப்பட்டவனோடுதான் கிள்ளானில் என் நண்பன் வாழ்ந்தான். கைப்பேசியில் காதலன் பெயர் ‘கார் வெர்க்‌ஷாப்’. தீபாவளிச் சந்தைக்கு ஜாலான் தெங்கு கிளானா போனால் பத்தடி தள்ளித்தான் நடக்க வேண்டும். ஒருநாள் முறுக்குக் கடைக் கூட்டத்தில் தோள் உரசிவிட்டது. காருக்குள் ஏறியதும் கன்னத்தில் அறை விழுந்தது. “பொட்டை மாதிரி ஒட்டாதே” என்றவன், இரவு அழுதுகொண்டே ஐஸ் கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்தான். பாவம், அவனுக்கு வீட்டுப் பயம் என்று நண்பனும் பொறுத்துப் போனான்.

வேறு எங்கே போவான்? எங்கள் குடும்ப வன்முறைச் சட்டமும் ‘ஃபன்னி பாய்’ வந்த அதே 1994-ஆம் ஆண்டினுடையது. கணவன் மனைவி, பிள்ளைகள், உறவினர் என்று பட்டியலிடும் அந்தச் சட்டம், மணமாகாத காதலர்களைச் சேர்க்கவில்லை. அடிபட்ட எவரும் காவல் நிலையம் போகலாம்தான். ஆனால் அடித்தவன் யார் என்று சொல்லும்போது, குற்றவியல் சட்டத்தின் 377பி பிரிவு கண்முன் வந்து நிற்கும்: 20 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. இந்தப் பிரிவின் வேரும் உங்கள் இலங்கையின் 365-ஆம் பிரிவும் ஆங்கிலேயன் வைத்துவிட்டுப் போனவை. அர்ஜியின் பள்ளியில் முதல்வர் வீசும் பிரம்பும் அதே கைவரிசைதான். நாங்கள் அதை ரோத்தான் என்போம்.

நண்பனிடம் ‘ஃபன்னி பாய்’ கொடுத்தேன். கொட்டகைக் காட்சியைவிட, பள்ளிப் பரிசளிப்பு விழாதான் அவனை உலுக்கியது. ஷெஹானுக்காக அர்ஜி மேடையில் கவிதைகளை வேண்டுமென்றே குளறுபடி செய்கிறானே, அந்த இடம். “அர்ஜிக்கும் பயம்தான். ஆனா அவன் உணர்ந்துட்டான் லா. இவன் உணரவே இல்ல. அப்புறம் நான் எதுக்கு வெயிட் பண்ணணும்?” என்றான். அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டான்.

பயம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் காட்டினீர்கள். அதைச் சொல்லி யாரையும் விடுதலை செய்யவில்லை. இரக்கப்பட்டுக்கொண்டே கணக்கும் கேட்க முடியும் என்று என் நண்பன் உங்களிடம்தான் கற்றுக்கொண்டான்.

இங்கே தமிழில் இத்தகைய காதலை எழுதப்போகும் இளையவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஊர் தூற்றுகிறதே என்று உங்கள் பாத்திரங்களைப் புனிதர்களாக்கிவிடாதீர்கள். அறை வாங்கியவனும் உங்கள் வாசகன்தான்.


பிரிக்பீல்ட்ஸ் வாசகன் ஒருவன்