பெயர்ப்பலகை மாறிய கடை

ரொறொன்ரோவில் குயின் வீதி கிழக்கில், ஷெர்போர்ன் சந்திக்கு அருகே ஒரு சின்னக் கடை இருக்கிறது. பெயர் மிமி வரைட்டி. ஆனால் அதன் வாசலில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்: ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’. சிபிசி தொலைக்காட்சி அந்தப் பெயரில் நகைச்சுவைத் தொடர் எடுத்தபோது, வெளிப்புறக் காட்சிகளுக்கு இந்தக் கடையின் முகப்பைத்தான் பிடித்தார்கள். கடைக்கு உள்ளே நடப்பதெல்லாம் ஸ்டூடியோவில் போட்ட செட். தொடர் முடிந்த பிறகும் அதற்காக மாட்டிய பலகை கீழே இறங்கவில்லை. பக்கச் சுவர் ஓவியமும் அழியவில்லை. நிஜக் கடை பொய்ப் பெயரோடு நிற்கிறது.

2016 அக்டோபர் முதல் 2021 ஏப்ரல் வரை ஐந்து பருவங்கள், 65 அத்தியாயங்கள். கொரியாவிலிருந்து வந்து கடை வைத்திருக்கும் கிம் தம்பதி, ஓவியக் கல்லூரியில் புகைப்படக்கலை படிக்கும் மகள் ஜேனட், தகப்பனோடு முறுகிக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன் ஜங். கதை அவ்வளவுதான். ஆனால் ஸ்காபரோவில் தமிழ் வீடுகளில் இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு திடுக்கிடல் காத்திருந்தது. கொரியப் பிள்ளைகளும் தகப்பனை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாய் ‘உம்மா’. இலங்கை முஸ்லிம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் அதே சொல். மொழியியலாளர்கள் இதைத் தற்செயல் என்பார்கள். சோபாவில் இருந்து பார்க்கிற ஆச்சிக்கு அந்த விளக்கம் தேவையில்லை. மொழிபெயர்ப்பு வேண்டாத இரண்டு சொற்கள் கிடைத்ததே போதும்.

இதை எழுதிய இன்ஸ் சோய் கொரியாவில் பிறந்து கைக்குழந்தையாகக் கனடா வந்தவர், நடிப்புப் படித்தவர். தன் முகத்துக்கேற்ற வேடம் அரிதாகவே கிடைக்கும் என்பது விளங்கியதும், தானே ஒரு நாடகம் எழுதினார். மேடையேற்ற யாரும் முன்வராததால் அதை 2011இல் ரொறொன்ரோ ஃப்ரிஞ்ச் விழாவின் புதுநாடகப் போட்டிக்கு அனுப்பினார், வென்றார். மேடையில் மகன் ஜங்காக நடித்தவரும் அவரே. அடுத்த ஆண்டு சோல்பெப்பர் நாடகக் குழு அதை எடுத்துக்கொண்டது. நாடகம் கனடா முழுக்கச் சுற்றி, 2017இல் நியூயோர்க் வரை போனது.

அப்பாவாக அன்று மேடையிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் நடித்தவர் போல் சன்-ஹியுங் லீ. திரையில் அவர் பேசும் ஆங்கிலத்தில் இணைப்புச் சொற்கள் உதிர்ந்து கிடக்கும். ‘ஓகே, சீ யூ’ என்று வாடிக்கையாளரைக் கிட்டத்தட்ட வெளியே தள்ளுவார். நேரில் அவர் கனடாவில் வளர்ந்த எவரையும் போலப் பேசுகிறார். அந்த உச்சரிப்பைத் தன் தகப்பனாரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் சிரிப்பதற்காகப் போடும் வேஷமா இது என்ற கேள்வி எழாமல் இல்லை. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அப்பாவின் இங்கிலீசை வீட்டுக்குள் பகிடி பண்ணலாம். வெளியாள் ஒருவன் சிரித்தால் முகம் சுண்டிவிடும். இந்தத் தொடர் அந்தக் கோட்டைப் பெரும்பாலும் தாண்டவில்லை என்றே சொல்லவேண்டும். அப்பாவின் உச்சரிப்பு அல்ல, அவருடைய தர்க்கமே சிரிப்பு மூட்டுகிறது. முதல் அத்தியாயத்தில், தற்பால் ஈர்ப்பாளர்மேல் வெறுப்புள்ளவர் என்ற பழியிலிருந்து தப்ப, அவர்களுக்கு 15 சதவீதக் கழிவு என்று அறிவித்துவிடுகிறார். யார் உண்மையான தற்பால் ஈர்ப்பாளர் என்பதைப் பார்த்தே சொல்லிவிடுவாராம்! 2017இல் கனடியத் திரை விருது மேடையில் லீ கண்ணீரோடு நன்றி சொன்னபோது அந்தக் கொரிய உச்சரிப்பின் சுவடே இல்லை.

போகிற போக்கில் ஒன்று: அப்பாவின் நண்பர் மேத்தாவாக வரும் சுகித் வர்கீஸ் மலையாளி. வடநாட்டுப் பெயரும் தென்னாட்டு முகமும். தெற்காசியர் எல்லோரையும் ஒரே சாக்கில் போடும் பழக்கம் கனடாவுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

மகன் ஜங்காக நடித்த சிமு லியுவின் கதை தனிப்படமாகவே எடுக்கக்கூடியது. சீனாவின் ஹார்பினில் பிறந்தவர். கணக்காளராக இருந்து 2012இல் வேலை பறிபோனவர். செலவுக்காக விளம்பரப் புகைப்படங்களுக்கு நின்றார். கோட் சூட்டும் புன்னகையுமாக அந்தப் படங்கள் இன்றும் எங்கெங்கோ தலைகாட்டுகின்றன. 2021இல் மார்வெல்லின் ‘ஷாங்-சி’ படத்தின் நாயகன் அவர்தான். எந்தத் தாய்தகப்பனுக்கு ‘கணக்கியலை விட்டிட்டு நடிக்கப் போறன்’ என்று சொல்லிப் பார்க்க முடியும்? தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை எழுதிக் காட்டவே வேண்டாம்.

அதே ஆண்டில்தான் திரைக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்தது. ஆறாம் பருவத்துக்கு ஏற்கெனவே அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் சோயும் உடன் படைப்பாளர் கெவின் வைட்டும் விலகுவதால் தொடர் ஐந்தோடு நிற்கும் என்று 2021 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூனில் லியு ஃபேஸ்புக்கில் நீண்ட பதிவு ஒன்று போட்டார். எழுத்தாளர் அறையில் ஆசியக் குரல்கள் போதவில்லை, நடிகர்கள் சொன்னது எடுபடவில்லை, சம்பளமும் சொற்பம் என்றார். உம்மாவாக நடித்த ஜீன் யூன் அவருக்குத் துணையாக எழுந்தார். கொரியப் பெண் எழுத்தாளர்கள் இல்லாதது பணியை வேதனையாக்கியது என்றும், ஐந்தாம் பருவத்துக்கு முதலில் தீட்டியிருந்த சில கதைகள் வெளிப்படையான இனவாதமாக இருந்தன என்றும் எழுதினார். கொரிய வீட்டுப் பழக்கவழக்கம் தெரியாமல் எழுதிய பக்கங்களை, தெரிந்தவர்கள் நடிக்கவேண்டியிருந்தது. முகம் அவர்களுடையது, பேனா வேறொருவருடையது. பிறகு கிளைத்தொடர் ஒன்று வந்தது, ‘ஸ்ட்ரேஸ்’. முதன்மை நடிகர்களில் ஆசியர் அல்லாத ஒரே ஒருவர் நிக்கோல் பவர். தனித்தொடர் கிடைத்தது அவருடைய பாத்திரத்துக்கு. லியு அதையும் சொல்லாமல் விடவில்லை.

நாடகம் மட்டும் சோயோடு தங்கிவிட்டது. 2024 ஜனவரியில் லண்டன் பார்க் தியேட்டரிலும், 2025இல் மறுபடி ரொறொன்ரோ சோல்பெப்பரிலும் அது மேடையேறியது. 2011இல் கோபித்துக்கொண்டு போன மகனாக நடித்தவர், இம்முறை கடைக் கவுண்டருக்குப் பின்னால் அப்பாவாக நின்றார்.