ஸ்ரீராம்புரத்துப் பட்டறை

பெங்களூர் வரும் அன்பர்கள் ஸ்ரீராம்புரத்தையும் கண்டு செல்லவேண்டும். தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. 2014 மார்ச் 1 முதல் அங்கிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு மெட்ரோ ரயில் ஓடுகிறது.

சந்தொன்றில் சிறு பட்டறையைக் கண்டேன். கணிப்பொறியில் வரைந்த கோலத்தை லேசர் ஒளி அக்ரிலிக் தகட்டில் அறுத்துக்கொண்டிருந்தது. கோடு முழுவதையும் அறுத்தால் நடுப்பகுதி உதிர்ந்துவிடும். ஆதலால் சிறு இணைப்புகளை விட்டு வரைகிறார் உரிமையாளர்.

"பிறர் வரைபடத்தை அறுத்தால் அன்றே கூலி, நமது வரைபடமென்றால் விற்கும்வரை காத்திருக்கவேண்டும்" என்றார். பொறிக்கு வாங்கிய கடனோ இன்னும் தீரவில்லை. ஆயினும் வாரத்தில் ஒரு நாளைச் சொந்தப் பொருளுக்கென ஒதுக்கியிருக்கிறார்.

அவருடைய தந்தையார் பின்னி ஆலையில் நெய்தவர். தந்தை நெய்த துணியில் ஆலையின் முத்திரை இருந்தது; மகன் செய்த கோல அச்சில் அவர் பெயரே இருக்கிறது. நானும் ஒன்று வாங்கி வந்தேன்.