மியாமி பீச்: ஒரு தெரு, ஒரு டி.வி. தொடர், ஒரு வீடியோ கேம்!

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் ஓஷன் டிரைவில் நியான் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். 1935-ல் கட்டப்பட்ட காலனி ஹோட்டலின் நீல விளக்கு தூரத்திலிருந்தே தெரியும். தெருவின் ஒரு பக்கம் தென்னை மரங்கள், மணல், அதைத் தாண்டி அட்லாண்டிக் கடல். மறுபக்கம் ரோஸ், இளம்பச்சை, வெளிர்மஞ்சள் என மிட்டாய்க் கடை போல வரிசையாக ஹோட்டல்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் மியாமி பீச் நகரத்தின் தெற்கு முனை இது. முதன்முறை வருகிறவர்களில் பலருக்கு, ‘இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறோமே’ என்று தோன்றும். வந்ததுண்டுதான்... கேம் கன்சோல் வழியாக!

2002-ல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ வீடியோ கேம், 1986-ம் ஆண்டு மியாமியை மனதில் வைத்து உருவாக்கிய கற்பனை நகரத்தில் நடக்கிறது. அதை உருவாக்கியவர்கள் இருந்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அந்தக் குளிர் ஊரில் உட்கார்ந்து இந்த வெயில் ஊரை வரைந்தவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவற்றில் முக்கியமானது ஒரு போலீஸ் தொடர். அதன் பெயர் ‘மியாமி வைஸ்’.

அந்தத் தொடர் வருவதற்கு முன் இந்தத் தெரு வேறு மாதிரி இருந்தது. 1970-களில் இந்த ஹோட்டல்களில் குறைந்த வாடகைக்குத் தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். நியூயார்க் பக்கம் உழைத்து ஓய்வுபெற்ற யூதர்கள் அதிகம். வாசல் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, கடலைப் பார்த்தபடி நாளைக் கழிப்பார்கள். ‘கடவுளின் வெயிட்டிங் ரூம்’ என்று ஊரைக் கிண்டல் செய்தார்கள். 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் ஃப்ளோரிடா வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு மியாமியில் கலவரம். கூடவே போதைக் கடத்தலும் கொலைகளும். சுற்றுலாப் பயணிகள் வரப் பயந்தார்கள்.

‘பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்’ என்று பேச்சு கிளம்பியபோது குறுக்கே நின்றவர் பார்பரா பேர் கேப்பிட்மேன். 1976-ல் கட்டடங்களைக் காப்பாற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் விடாமல் போராடியதில், 1979-ல் இந்தப் பகுதி அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. அவருடைய நண்பரும் வடிவமைப்பாளருமான லியோனார்ட் ஹோரோவிட்ஸ் ஒரு யோசனை சொன்னார்: ‘சுவர்களுக்குக் கடல், மணல், சூரிய உதயத்தின் வண்ணங்களைப் பூசுவோம்!’

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1930-களில் இந்தக் கட்டடங்களில் பல, ஓரங்களில் மட்டும் வண்ணம் தீட்டிய வெள்ளைக் கட்டடங்கள். இன்று ‘பழைய மியாமி’ என்று எல்லோரும் போட்டோ எடுக்கும் ரோஸும் பச்சையும் 1980-களில் வந்தவை!

அந்த வண்ணங்களை உலகத்துக்குக் காட்டியது ‘மியாமி வைஸ்’. 1984 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 1989 வரை ஓடியது. நிர்வாகத் தயாரிப்பாளர் மைக்கேல் மான் படக்குழுவுக்குப் போட்ட கட்டளை, ‘மண் நிறங்கள் கூடாது’. பழுப்புக்கும் காவிக்கும் தடை! கோட்டுக்குள் டி-ஷர்ட், ஷூவுக்குள் சாக்ஸ் கிடையாது. இப்படித் திரிந்த க்ராக்கெட், டப்ஸ் என்ற இரண்டு ரகசிய போலீஸாரைப் பார்த்து உடை உடுத்தியவர்கள் ஏராளம்.

உடையைவிடப் பெரிய புதுமை ஒன்று முதல் எபிசோடிலேயே இருந்தது. இரவு நேரம். இரண்டு பேரும் காரில் போகிறார்கள். பேச்சு மிகக் குறைவு. பின்னணியில் ஃபில் காலின்ஸின் பாட்டு. ஈரச் சாலையில் விளக்கு வெளிச்சம் வழுக்கிப் போகிறது. அடுத்து ஆபத்து காத்திருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் காரும் பாட்டும் சொல்லிவிடுகின்றன. போலீஸ் கதைகள் அதுவரை அதிகம் தொடாத வழி இது.

‘வைஸ் சிட்டி’ விளையாடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கார் ரேடியோவில் 80-களின் பாட்டை வைத்துக்கொண்டு, கடலோரம் சும்மா சுற்றுவதே அதில் பாதி சுகம். தொடரில் டப்ஸாக நடித்த ஃபிலிப் மைக்கேல் தாமஸ், கேமில் லான்ஸ் வான்ஸுக்குக் குரல் கொடுத்தார். அட்டகாசம் அதிகமானால், க்ராக்கெட், டப்ஸ் சாயலில் இருவர் ஸ்போர்ட்ஸ் காரில் துரத்தி வருவார்கள்! 2012-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ‘ஹாட்லைன் மியாமி’ கேமும் 1989-ம் ஆண்டு மியாமியில்தான் நடக்கிறது.

சினிமாவும் அதே சாலையில் வந்தது. 1995-ல் வந்த மைக்கேல் பேயின் ‘பேட் பாய்ஸ்’ படத்திலும் இரண்டு மியாமி டிடெக்டிவ்கள், விலை உயர்ந்த கார், தகிக்கும் சூரியன். அதே ஆண்டு வந்த ‘ஹீட்’, 2004-ல் வந்த ‘கொலாட்டரல்’ என மைக்கேல் மானே இரவு நகரத்தை ஒரு கதாபாத்திரமாக்கினார். 2006-ல் ‘மியாமி வைஸ்’ஸையே சினிமாவாக எடுத்தபோது, பழைய மிட்டாய் வண்ணங்களை அவரே ஒதுக்கிவிட்டார்.

ஆனால், தெரு அவற்றை ஒதுக்கவில்லை. தொடரைப் பார்த்துக் கூட்டம் வந்தது. ஃபேஷன் போட்டோகிராபர்கள் வந்தார்கள். பணம் வந்தது. வாடகையும் ஏறியது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த முதியவர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். தேசியப் பட்டியலில் இருப்பது மட்டும் ஒரு கட்டடத்தை இடிக்காமல் தடுத்துவிடாது. 1988-ல் கேப்பிட்மேன் எவ்வளவோ போராடியும், செனட்டர் ஹோட்டல் இடிக்கப்பட்டது. எதற்கு? கார் நிறுத்த!

மறு ஆண்டு ஹோரோவிட்ஸ் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு கேப்பிட்மேனும்.

இன்று அந்தத் தாழ்வாரங்களில் சாப்பாட்டு மேஜைகள். முதியவர்கள் காசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த அதே கடலுக்கு எதிரே, கையில் மெனு கார்டோடு வாடிக்கையாளர்களை அழைக்கிறார்கள். அந்த நாற்காலிக்காரர்களுக்கு எந்த கேமிலும் இடம் கிடைக்கவில்லை.

ஓஷன் டிரைவில் நடப்பவர்கள் 10-வது தெரு முனையில் கொஞ்சம் நின்று, பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்க்கலாம். அதில் பார்பரா கேப்பிட்மேன் பெயர் இருக்கிறது. அடுத்த முனையில் லியோனார்ட் ஹோரோவிட்ஸ் பெயர். க்ராக்கெட்டும் டப்ஸும் கார் ஓட்ட இங்கே ஒரு தெரு மிஞ்சியிருந்ததற்கு, பக்கத்துப் பக்கத்து முனையில் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஒரு காரணம்.