இருட்டில் தெரியும் சூடு

டெக்சாஸ் விவசாயிக்குக் காட்டுப்பன்றி என்றாலே தூக்கம் போய்விடும். ராத்திரியில் கூட்டமாக வந்து, ஏர் ஓட்டியதுபோல் வயலைக் கிளறிவிட்டுப் போகும். தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதித்தால், 2019 செப்டம்பரிலிருந்து இவற்றைச் சுட வேட்டை உரிமம்கூட வேண்டாம். அதனால் மலிவான தெர்மல் ஸ்கோப் தேடுகிறவர்கள் அங்கே ஏராளம்.

இந்தக் கருவிக்கு நிலவும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிரையே (8 முதல் 14 மைக்ரான் அலைநீளம்) படமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. அதனால்தான் லென்ஸை விலை கூடிய ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாததற்கும் இதுதான் காரணம்!

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது 256×192, 384×288, 640×512 என்ற பிக்சல் கணக்கு. எண் பெரிதானால் பன்றி தெளிவாகத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பிக்சல் அளவு 12 மைக்ரான், லென்ஸ் 25 மி.மீ. என்றால், 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 5 செ.மீ. அகலத்தைக் காட்டும். ஒரு மீட்டர் நீளப் பன்றிக்கு 20 பிக்சல் கிடைக்கும். 300 மீட்டரில் அதே பன்றிக்கு வெறும் 7 பிக்சல்தான்! 256 ஆனாலும் 384 ஆனாலும் இதில் மாற்றமில்லை. 100 மீட்டரில் பார்வைப் பரப்பு மட்டும் 12 மீட்டரிலிருந்து 18 மீட்டராக விரியும். தூரத்தில் விவரம் வேண்டுமென்றால் நீளமான குவியத் தூரம் உள்ள லென்ஸ் வேண்டும். அப்போது பார்வைப் பரப்பு குறுகிவிடும். டிஜிட்டல் ஜூம் இருக்கும் பிக்சலைத்தான் பெரிதாக்கும், புது விவரம் எதையும் தராது.

ஆக, 100 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு மலிவான 256 கருவியே போதும். ஆனால் "ஆயிரம் மீட்டர் வரை தெரியும்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினால்தான் ஆபத்து. அங்கே தெரிவது ஒரு வெள்ளைப் புள்ளி. அது பன்றியா, பக்கத்துப் பண்ணையின் கன்றுக்குட்டியா, வேலி ஓரம் குனிந்து நிற்கும் மனிதனா? புள்ளி சொல்லாது.

இன்னொன்று. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் வயலைத் துழாவினால், பார்க்கிற ஒவ்வொன்றின் மீதும் குழல் நீளும். தேடுவதற்குக் கையில் பிடிக்கும் சிறிய மானாகுலர் ஒன்று இருந்தால் இந்த வம்பே இல்லை. ஸ்கோப்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குவது நல்லது.

கடையில் "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்பதைவிட, "எவ்வளவு தூரத்தில் அது இன்னதென்று அடையாளம் தெரியும்?" என்று கேட்பவர்தான் விவரமானவர். அடையாளம் தெரியாத சூட்டைச் சுடாமல் விடுவதற்குப் பைசா செலவில்லை.