கோழிகளைப் பழக்கிய விதம்



உலு திராமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள் வளர்கின்றன. முட்டையைப் புதருக்குள் இடும், உடும்பு தின்றுவிடும். இரவில் முட்டைப் பெட்டிக்குள்ளேயே உறங்கி எச்சமிடும். "இவை திருந்தாத கோழிகள்" என்றார் அண்டை வீட்டு அம்மையார்.

வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழி. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் அது இன்றும் வாழ்கிறது. மறைவிடம் தேடி முட்டையிடுவதும், இருட்டுமுன் உயரமான கிளையில் ஏறி உறங்குவதும் அதன் இயல்பு. எங்கள் கூண்டிலோ பெட்டிதான் உயரத்தில் இருந்தது.

எனவே கழியைப் பெட்டியினும் ஓரடி உயர்த்திக் கட்டினோம். கோழிக்கு 25 சென்டிமீட்டர் இடம் விட்டோம். பெட்டியின் வாயிலில் சாக்குத் துணி தொங்கவிட்டு, உள்ளே உலர்ந்த புல்லும் ஒரு மர முட்டையும் வைத்தோம். முட்டை கிடக்கும் இடத்தையே கோழி நாடும். அந்தி கடந்தபின் பெட்டியில் படுத்தவற்றைத் தூக்கிக் கழியில் அமர்த்தினோம். இருளில் கண் தெரியாமையால் அவை அங்கேயே தங்கின. பெரும்பாலான முட்டைகள் முற்பகலில் இடப்படுவதால், பத்து மணிக்குப் பிறகே கூண்டைத் திறந்தோம். இரண்டு வாரங்களில் ஆறும் பழகின. அதட்டலோ கோலோ தேவைப்படவில்லை.

வகுப்பில் நிலைகொள்ளாத பிள்ளையை "அடங்காதவன்" என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அப்பெயர் அவனோடு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அவ்வாறு கூறுமுன் அவன் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பார்ப்போம். அங்கிருந்து பலகை தெரிகிறதா? காற்று வருகிறதா?